என் வழியாக மட்டும்

ஐந்து டீம்களும் ஒன்றோடொன்று நேராகப் பேசக்கூடாது, எதுவானாலும் என் வழியாகத்தான் வரவேண்டும் என்று வைத்தவன் நான். எங்கும் எழுதி ஒட்டவில்லை. ‘என்னையும் லூப்ல வையுங்க’ என்று ஆரம்பித்தேன். பிறகு அது ‘முதல்ல என்கிட்ட சொல்லுங்க’ ஆயிற்று. கடைசியில், யாராவது நேராகப் பேசிவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று. சென்னை ஓஎம்ஆரில் அலுவலகம். ஆன்லைன் விற்பனைச் செயலி ஒன்றுக்கு ஆர்டர், பேமெண்ட், ரீஃபண்ட், கிடங்கு, மொபைல் என ஐந்து டீம்கள். அவற்றுக்கெல்லாம் ப்ரோகிராம் மேனேஜர் நான்.

இதற்குப் புத்தகச் சான்றும் வைத்திருந்தேன். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 உருவாக்கத்தை நடத்திப் பட்ட பாட்டிலிருந்து ஃப்ரெட் புரூக்ஸ் 1975இல் ‘தி மிதிகல் மேன்-மந்த்’ எழுதினார். ஆள் கூடக்கூடப் பேச்சுவழிகள் எப்படிப் பெருகும் என்ற கணக்கு அதில் வரும். ஐந்து பேருக்கு 10 வழி, பத்துப் பேருக்கு 45. நடுவில் நான் உட்கார்ந்தால் 10 வழி 5 ஆகிவிடும் என்று ஸ்லைடு போட்டேன். மேலிடம் தலையாட்டியது. அந்த ஐந்து வழியிலும் வருவதையெல்லாம் படிக்க ஒருவன்தான் இருக்கிறான் என்பதை ஸ்லைடில் போடவில்லை.

இன்னொரு ஸ்லைடு, 1999 செப்டம்பரில் நாசா செவ்வாயில் இழந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் பற்றியது. ஒரு தரப்பின் மென்பொருள் பவுண்டு கணக்கில் எண்களைக் கொடுத்தது. அவற்றை வாங்கிய தரப்பு நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஏதோ இடிக்கிறது என்று வழிநடத்தும் குழுவினர் மின்னஞ்சலில் சொல்லியிருந்தார்கள். முறையான புகாராக அது பதிவாகவில்லை. ‘பார்த்தீர்களா, தனித்தனியாகப் பேசிக்கொண்டால் இதுதான் கதி’ என்று முழங்கினேன். குழுக்களுக்கு இடையே போதிய பேச்சு இல்லாததையும் விசாரணை அறிக்கை ஒரு காரணமாகச் சொல்கிறது. அதையும் படித்திருந்தேன், ஸ்லைடில் சேர்க்கவில்லை.

மெல்வின் கான்வே 1968இல் எழுதியது எங்களிடம் அப்படியே பலித்தது. ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ, அந்த அமைப்பே அது கட்டும் மென்பொருளிலும் வந்து உட்காரும் என்றார் அவர். எங்கள் ஆட்கள் நேராகப் பேசவில்லை. அவர்கள் எழுதிய சர்வீஸ்களும் பேசவில்லை. எல்லாம் நடுவில் இருந்த ‘காமன் சர்வீஸ்’ வழியாகவே போய்வந்தன. அது திணறினால் ஐந்தும் திணறும். அதை யார் திருத்துவது என்பதற்கும் என் ஒப்புதல் வேண்டும். கோடில் என்னையே எழுதி வைத்திருந்தார்கள், பாவம்.

தசமத் தொல்லை வேண்டாமென்று, தொகையை ரூபாயில் அனுப்புவதை நிறுத்திப் பைசாவில் முழு எண்ணாக அனுப்பப்போவதாகப் பேமெண்ட் டீம் எனக்கு மெயில் போட்டது. சரியான முடிவு. வாராந்திரக் கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். வாடிக்கையாளர் அழைப்பு ஒன்று குறுக்கே வந்ததால் அந்தக் கூட்டத்தை நானே ரத்து செய்தேன். ரிலீஸ் போயிற்று. ரீஃபண்ட் டீமுக்கு விஷயமே தெரியாது. 450 ரூபாய் திரும்ப வரவேண்டியவரின் வாலட்டில் 45,000 ஏறியது.

அன்றிரவு ரீஃபண்ட் டீமில் ஒரு இளம் பெண் எண்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, பேமெண்ட் டெவலப்பரை நேராகப் போனில் பிடித்தார். இருவருமாகப் பேசி ரீஃபண்டை நிறுத்திவைத்தார்கள். காலையில் என்னிடம், “நைட்டு உங்களை எழுப்ப வேண்டாம்னு நாங்களே பேசி நிறுத்திட்டோம் சார்” என்றார். பணம் போனது எனக்கு உறுத்தவில்லை. என்னைக் கேட்காமலே முடிந்துவிட்டதே, அதுதான் உறுத்தியது. நான் இல்லாமலும் இவர்களுக்கு வேலை ஓடும் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். ஒருங்கிணைப்பு என்று நான் பெயர் வைத்திருந்ததற்கு அடியில் இருந்தது இந்தப் பயம்தான்.

நடந்ததற்கு நான் எழுதிய அறிக்கையில் காரணம், ‘டீம்களுக்கிடையே தகவல் இடைவெளி’. அந்த மெயில் என்னிடம் கிடந்ததைச் சொல்லவில்லை. அப்ரைசலில் அந்தப் பெண்ணுக்கு ஒரு படி குறைத்துப் போட்டு, ‘ப்ராசஸைப் பின்பற்றுவதில்லை’ என்று எழுதினேன். அவர் எதுவும் கேட்கவில்லை. சில மாதங்களில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு எனக்கு மேலே வந்த புதியவர் முதல் வேலையாக, தொகை எந்த அலகில் வரும், எந்தப் புலம் காலியாக இருக்கலாம் என்பதையெல்லாம் அனுப்பும் டீமும் வாங்கும் டீமும் சேர்ந்து எழுதி, மீறினால் பில்டே நிற்கும்படி டெஸ்டாகப் போட வைத்தார். அதற்கு மேனேஜர் யாரும் தேவைப்படவில்லை. என் கூட்டத்துக்கு ஆள் வருவது குறைந்து, அது தானாக நின்றது.

அந்த அப்ரைசலைத் திருத்த முடியுமா என்று ஹெச்.ஆரில் கேட்டேன். அந்த ஆண்டுக்கான பதிவுகளை மூடிவிட்டதாகச் சொன்னார்கள். அதே ஆண்டு, ஐந்து டீம்களையும் ஒருங்கிணைத்ததற்காக எனக்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தார்கள். அதை யாரும் திரும்பக் கேட்கவில்லை.