முள் காட்டாத ஒன்று

எங்கள் தெர்மோடைனமிக்ஸ் தேர்வுக்கு ஸ்டீம் டேபிள் புத்தகத்தை எடுத்துப்போகலாம். கதை இல்லை, விளக்கம் இல்லை, பக்கம் பக்கமாக எண்கள்தான். நீர் ஒரு தூய பொருள். நீரும் ஆவியும் ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருக்கும்போது அதன் அழுத்தமும் வெப்பநிலையும் தனித்தனியாக மாறமுடியாது. ஒன்று தெரிந்தால் மற்றது அதே வரியில் கிடைக்கும். இந்த வித்தை கைவந்த கர்வத்தோடு அந்தப் பொங்கல் லீவில் ஊருக்குப் போனேன்.

அப்பா காங்கேயத்தில் ஒரு அரிசி ஆலையில் பாய்லர் பார்த்தார். எட்டாவதோடு படிப்பு நின்றவர். ஊறிய நெல்லை அவிக்க உமியைப் போட்டு எரிக்கும் பாய்லர் அது. கேஜில் முள் ஆறில் நின்றது. சதுர சென்டிமீட்டருக்கு ஆறு கிலோ, கிட்டத்தட்ட 6 பார். புத்தகத்தைப் புரட்டினேன்: 158.8 டிகிரி. ஆனால் ஆவிக் குழாயிலிருந்த தெர்மாமீட்டர் 165-ஐ ஒட்டிக் காட்டியது.

"உங்க தெர்மாமீட்டர் தப்பா காட்டுதுங்கப்பா. மாத்தச் சொல்லுங்க."

அப்பா உமி தள்ளுவதை நிறுத்தவில்லை.

"ஏங்கண்ணு, பாய்லரு ஆறிக் கெடக்கறப்ப இந்த முள்ளு எங்க நிக்கும்?"

"சைபர்ல."

"அப்ப உள்ளார காத்தே இல்லீங்கறயா? ஊரையே அமுக்கற காத்து அதுக்குள்ளயும் இருக்குதுல்ல? முள்ளு அதக் கணக்குல சேத்தறதில்ல. நீ ஒண்ணு சேத்திப் பாரு."

சேர்த்துப் பார்த்தேன். 7 பாருக்கு நேராக 165.0 என்றிருந்தது.

கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை. புத்தகத்தில் இருப்பதோ மொத்த அழுத்தம். வகுப்பில் முதல் வாரமே சொன்ன பாடம். அப்பா அதை பாய்லர் அட்டெண்டன்ட் பரீட்சைக்காகப் படித்திருக்கிறார். "ஆபீசரு என்னைய மொதல்ல கேட்டதே இதத்தான்" என்றார். நீங்க சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை. புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிற்பாடுதான் ரென்யோ என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றிப் படித்தேன். நீராவி எந்திரங்களுக்குச் சரியான எண்கள் வேண்டும் என்று பிரெஞ்சு அரசு கேட்டுக்கொள்ள, அவர் பாய்லரும் தெர்மாமீட்டருமாக ஆண்டுக்கணக்கில் அளந்து 1847-இல் முடிவுகளை வெளியிட்டார். பிறகு வந்த அட்டவணைகளுக்கு அவர் எண்கள் நெடுங்காலம் அடிப்படையாக இருந்தன. ஆக, அந்த மாதிரிப் புத்தகம் பிறந்ததே ஆவிக்குப் பக்கத்தில் நின்று யாரோ தெர்மாமீட்டரைப் பார்த்ததால்தான். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு தெர்மாமீட்டரைத் தப்பு என்றேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அப்பாவின் இடது முன்கைத் தழும்பைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான். கேட்டதில்லை.

"இது எப்படிங்கப்பா?"

"வால்வுல ஆவி கசிஞ்சுது. ஒரு நிமிசங்கூட இல்ல, கைய எடுத்துட்டேன். சுடுதண்ணியா இருந்திருந்தா கொப்புளத்தோட போயிருக்கும்."

சாப்பிட்டு முடித்ததும் மறுபடி புத்தகத்தை எடுத்தேன். ஒரு கிலோ வெந்நீர் 100 டிகிரியிலிருந்து உடம்புச் சூட்டுக்கு ஆறினால் விடும் வெப்பம் சுமார் 264 கிலோஜூல். அதே 100 டிகிரியில் ஒரு கிலோ ஆவி, தண்ணீராக மாறும்போது மட்டுமே 2257 கிலோஜூலை விட்டுவிடும். எட்டு மடங்குக்கும் மேல். தெர்மாமீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளுறை வெப்பம் என்று பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதியிருக்கிறேன்.

அப்பாவிடம் அந்த எண்ணைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரியில் வைத்து, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருக்கும்" என்றார். "அந்த ஏழு பாரு எந்தப் பக்கம்? காட்டு."