கால் மைலுக்கு ஒரு பம்பு

டிராக் பந்தயத்தில் வளைவுகள் இல்லை. நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு 402 மீட்டரை, பழைய கணக்கில் கால் மைலை, யார் முதலில் கடக்கிறார் என்பதோடு விஷயம் முடிந்துவிடும். சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைச் செவிவழியாகக் கேட்டு வளர்ந்தவன் நான். 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. விருதுநகரில் இருந்துகொண்டு இதில் பித்துக்கொள்வது சற்று விசித்திரம்தான். என் அக்காள் மகனுக்கு அது வாய்த்திருக்கிறது.

அவன் கையில் இருப்பது ஒரு பிரீமியர் பத்மினி. 1089 சிசி, ஏறத்தாழ நாற்பது குதிரைத்திறன். சிரிக்க வேண்டாம், பந்தயப் பைத்தியம் குதிரைகளை எண்ணிப் பார்த்து வருவதில்லை. அதன் பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டியிருக்கும். கேம்தண்டிலுள்ள மேடு நெம்புகோலைத் தள்ள, உள்ளிருக்கும் சவ்வு ஏறி இறங்கி, வண்டியின் பின்னாலுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்கு அனுப்பும். மின்சாரம் தேவையில்லை. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்.

உறிஞ்சுவதில்தான் சிக்கல். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிறது. பம்போ எஞ்சினின் வெக்கையில் வெந்துகொண்டிருக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் சாத்தூர் சாலையோரம் நின்றுபோன பத்மினியின் பம்பு மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தவர்கள் இதை எந்தப் புத்தகமும் இல்லாமல் அறிவார்கள்.

மின்பம்பைத் தொட்டிக்கு அருகில் வைத்தால் அது உறிஞ்சாது, தள்ளும். டிராக் காருக்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டி முன்னே பாயும்போது குழாயிலுள்ள பெட்ரோல் பின்னே தங்கப் பார்க்கும். புவியீர்ப்புக்குச் சமமான வேகவளர்ச்சியில் மூன்று மீட்டர்க் குழாய் சதுர அங்குலத்துக்கு மூன்று பவுண்டு அழுத்தத்தைத் தின்றுவிடும். பத்மினி அதில் மூன்றில் ஒரு பங்கு பாய்ந்தாலே அதிகம், எனவே இழப்பு ஒரு பவுண்டுதான். ஓட்டத்தில் பழைய பம்பே போதும் என்பது என் கணிப்பு. ஆனால் முறை வரும்வரை வெயிலில் வரிசையில் நிற்கிறதே, அங்கேதான் அது காலை வாரும்.

பையன் மதுரையில் பழைய சாமான் கடையொன்றில் மின்பம்பு வாங்கி வந்தான். பட்டறைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, இது இஞ்செக்‌ஷன் வண்டியோடது. மாட்டினா கார்புரேட்டர் பொங்கிரும்." அது நாற்பது பவுண்டுக்கு மேல் தள்ளக்கூடியது, பத்மினியின் மிதவை ஊசி தாங்குவது மூன்று நான்கு பவுண்டு. மீதமெல்லாம் சூடான மேனிஃபோல்டின் மேல் வழியும்.

அத்தான் சிவகாசியில் பட்டாசு ஆலை ஃபோர்மேன். மருந்து கலக்கும் அறைகளில் மின்விளக்கே கிடையாது, பகல் வெளிச்சத்தில்தான் வேலை. உள்ளே நுழையுமுன் உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னூட்டத்தை இறக்கிவிட்டுப் போகிற கை அவருடையது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகிய பிறகு பொறி என்ற சொல்லையே அவர் வீட்டில் யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை.

"பெட்ரோல் பக்கத்துல கரண்டா, மாப்ளே?" என்று என்னைக் கேட்டார்.

இன்றைய கார்களில் மின்பம்பு தொட்டிக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது என்றேன். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம்வரை இருந்தால்தான் பற்றும். மூடிய தொட்டிக்குள் அதைவிட அடர்த்தியாக இருப்பதால் பற்றாது. வாயுக்களின் கணக்கு அவருக்குப் புரியாததல்ல. "தொட்டிக்குள்ள சரி. வண்டி கவுந்து குழாய் அறுந்தா?" என்றார். சரியான கேள்வி. எஞ்சின் நின்றபின்னும் மின்பம்பு பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருக்கும். பழைய பம்பின் ஒரே பெரிய புண்ணியம் அங்கேதான் இருக்கிறது.

கடைசியில் குறைந்த அழுத்த மின்பம்பு ஒன்று, தொட்டியருகே. அதன் மின்னிணைப்பு எஞ்சின் ஆயில் அழுத்த சுவிட்ச் வழியாக. ஆயில் அழுத்தம் விழுந்தால் பம்பு நிற்கும், ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஸ்டார்ட்டர் கம்பியிலிருந்து கிளைவழி. மோதினால் தானே துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று கூடுதலாக. இவ்வளவுக்குப் பிறகும் அத்தான் வெளியிலிருந்து ஒரே இழுப்பில் பேட்டரியைத் துண்டிக்கும் கைப்பிடி வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். பந்தய விதியே அதைத்தான் கேட்கிறது என்று பையன் சொன்னபோது அவர் முகத்தில் வந்த திருப்தியை நான் ரசித்தேன்.