மோட்டார் கிடையாது, பெட்ரோல் கிடையாது... காற்றை நம்பி இறக்கையை வீசும் ஜெர்மன் மலை!

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் ஊர்ப் பழமொழி. அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஜெர்மனியின் வாஸர்குப்பே மலையில் மேற்கிலிருந்து காற்று எழும்பிவிட்டால் போதும், ஆள் உயர இறக்கைகளைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு கூட்டம் சரிவின் விளிம்புக்குக் கிளம்பிவிடும். கையில் ரிமோட் கன்ட்ரோல். கழுத்தில் அதைத் தாங்க ஒரு பட்டை. விளிம்பில் நின்று ஒருமுறை காற்றை முகத்தில் வாங்கிப் பார்ப்பார்கள். பிறகு, மாதக்கணக்கில் வீட்டு மேஜையில் உட்கார்ந்து ஒட்டிய அந்த மாடல் கிளைடரை, அப்படியே பள்ளத்தாக்கை நோக்கி வீசிவிடுவார்கள்.

மோட்டார் இல்லாத விமானம் அது. கையைவிட்டுப் போன பிறகு அதைத் தாங்கிப் பிடிக்கக் காற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. சரியான இறக்கை என்றால் மேலே ஏறும். தவறான இறக்கை என்றால் கீழே உள்ள புல்வெளியில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும், சில நேரம் துண்டு துண்டாக.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து அதிவேக ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஃபுல்டா நகரம். அங்கிருந்து சாலை வழியே ரோன் மலைத்தொடருக்குள் ஏறினால் வாஸர்குப்பே. உயரம் 950 மீட்டர். நம் ஊட்டி, கொடைக்கானலோடு ஒப்பிட்டால் சின்ன மலைதான். ஆனால் ஹெஸ்ஸன் மாநிலத்தில் இதைவிட உயரமான இடம் கிடையாது. ஃபுல்டா ஆறு பிறப்பதும் இந்த மலையில்தான்.

மலை என்றதும் அடர்ந்த காட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். உச்சி முழுக்கப் புல்வெளி. பல நூறு ஆண்டுகளாக ஆடு மாடு மேய்த்ததில் மரங்கள் போய், வெட்டவெளியாகிவிட்ட மலை இது. முகம் மட்டும் கறுப்பாக இருக்கும் ரோன் செம்மறியாடுகள் இன்றும் இந்தப் பகுதியின் அடையாளம். மரம் இல்லாததால் காற்றுக்குத் தடை இல்லை. இறங்கும் கிளைடருக்கும் தடை இல்லை. உலகக் கிளைடர் வரலாற்றில் இந்த மலைக்குத் தனி இடம் கிடைத்ததில் ஆடுகளுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு!

பத்திரிகை ஆசிரியர் விடுத்த அழைப்பு

1911-லேயே டார்ம்ஸ்டாட் நகர மாணவர்கள் சிலர் தாங்களே செய்த கிளைடர்களோடு இந்த மலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் மலை பிரபலமானது முதல் உலகப் போருக்குப் பிறகுதான். போரில் தோற்ற ஜெர்மனிக்கு 1919-ல் வெர்சாய் ஒப்பந்தம் கடும் கட்டுப்பாடுகளை விதித்தது. விமானப்படை வைத்துக்கொள்ளக் கூடாது. மோட்டார் விமானத் தயாரிப்பும் முடங்கியது. பறக்கத் தெரிந்த இளைஞர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய நிலை.

அப்போதுதான் 'ஃப்ளூக்‌ஷ்போர்ட்' பத்திரிகையின் ஆசிரியர் ஆஸ்கர் உர்சினுஸ், மோட்டார் இல்லாவிட்டால் என்ன, மலைக்கு வாருங்கள் என்று அழைப்பு விடுத்தார். 1920 கோடையில் முதல் ரோன் கிளைடர் போட்டி நடந்தது. அந்த முதல் போட்டியிலேயே ஆய்கன் ஃபான் லோஸ்ல் என்ற விமானி விழுந்து உயிரிழந்தார். அதே போட்டியில் வொல்ஃப்காங் க்ளெம்பரர் 'கறுப்புப் பிசாசு' என்ற கிளைடரில் 2 நிமிடம் 22 நொடி பறந்து, 1,830 மீட்டர் தூரம் போனார். இரண்டே நிமிடம்! அன்றைக்கு அது பெரிய சாதனை.

அடுத்த இரண்டு வருடங்களில் நிலைமை தலைகீழானது. 1922 ஆகஸ்ட்டில் ஹனோவர் மாணவர்கள் உருவாக்கிய 'வாம்பயர்' கிளைடரில் ஆர்தர் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் காற்றிலேயே நின்றார். சில நாள்களில் அதே கிளைடரில் இன்னொருவர் மூன்று மணி நேரத்தைத் தாண்டினார். மோட்டார் அதே பூஜ்யம்தான். மாறியது இறக்கையும், காற்றைப் படிக்கும் அறிவும்.

இந்த வரலாற்றில் இருட்டான பக்கமும் உண்டு. 1930-களில் நாஜி ஆட்சி இந்த விளையாட்டைப் போர் விமானிகளைத் தயார் செய்யும் வழியாக மாற்றிக்கொண்டது. அடுத்த போர் முடிந்ததும் மலை உச்சியில் ராணுவ ரேடார் நிலையம் வந்தது. கிழக்கு ஜெர்மனியின் எல்லை பக்கத்தில் இருந்ததால் பனிப்போர்க் காலம் முழுக்க இங்கிருந்துதான் கண்காணிப்பு. அந்த ரேடார் மீது கவிழ்த்திருந்த பெரிய வெள்ளைக் கோளம் ஒன்று இன்றும் உச்சியில் நிற்கிறது, இப்போது சுற்றுலாப் பயணிகளுக்காக.

பெரியதைச் சுருக்கினால் சின்னது வராது

மலையில் உள்ள கிளைடர் அருங்காட்சியகத்தில் பெரிய கிளைடர்களோடு மாடல்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே சுற்றிப் பார்ப்பவர்களுக்கு இயல்பாக ஒரு சந்தேகம் வரும். நன்றாகப் பறக்கும் ஒரு பெரிய கிளைடரை அப்படியே ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால், நன்றாகப் பறக்கும் ஒரு மாடல் கிடைத்துவிடாதா?

கிடைக்காது. பிரச்னை ஏர்ஃபாயிலில் இருக்கிறது. இறக்கையை வாழைக்காய் நறுக்குவதுபோல் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவம்தான் ஏர்ஃபாயில். முன்பக்கம் உருண்டு, மேலே வளைந்து, பின்பக்கம் கத்திபோல் மெலியும். இறக்கை சிறியதாகவும் வேகம் குறைவாகவும் ஆக ஆக, காற்று அதற்குக் கொழகொழப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். இதை அளக்கத்தான் ரேனால்ட்ஸ் எண். இறக்கையின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து, நொடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்பதால் பெருக்கி, அதை 70-ஆல் பெருக்கினால் தோராயமான விடை வந்துவிடும்.

200 மில்லிமீட்டர் அகல இறக்கை, நொடிக்கு 10 மீட்டர் வேகம் என்றால் 1,40,000. ஆள் ஏறிப் பறக்கும் கிளைடருக்கு 800 மில்லிமீட்டர், 30 மீட்டர் என்று போட்டால் கிட்டத்தட்ட 17 லட்சம். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். 17 லட்சத்தில் சமர்த்தாக ஒட்டிக்கொண்டு ஓடும் காற்று, ஒன்றரை லட்சத்தில் பாதி வழியில் இறக்கையை விட்டு விலகி, ஒரு குமிழி போட்டு, இழுவையைக் கூட்டிவிடும். சிலர் இறக்கையின் மேல் வளைந்து வளைந்து போகும் மெல்லிய டேப் ஒன்றை ஒட்டியிருப்பார்கள். அழகுக்காக என்று நினைத்துவிட வேண்டாம். காற்றை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துவிட்டால் அது மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இந்தச் சின்ன இறக்கைகளுக்காகவே வாழ்க்கையைச் செலவிட்டவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ரிச்சர்ட் எப்ளர் அவர்களில் ஒருவர். 1957-ல் பறந்த உலகின் முதல் கண்ணாடியிழைக் கிளைடர் 'ஃபீனிக்ஸ்' உருவாக்கத்தில் பங்கெடுத்தவர், மாடல்காரர்களுக்கும் ஏர்ஃபாயில் வரிசையே வரைந்து கொடுத்தார். அமெரிக்காவில் 1980-களின் பின்பாதியில் மைக்கேல் செலிக்கும் நண்பர்களும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் மாடல் இறக்கைகளைச் சோதித்தார்கள். அதற்கான இறக்கைகளைச் செய்து அனுப்பியவர்கள் மாடல் பறக்கவிடும் சாதாரண ஆர்வலர்கள்! செலிக், டோனவன் இருவரின் பெயரையும் சுமக்கும் எஸ்டி 7037 இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எம்ஐடி பேராசிரியர் மார்க் ட்ரெலா எழுதிய எக்ஸ்ஃபாயில் என்ற மென்பொருள் வந்த பிறகு, வீட்டுக் கணினியிலேயே ஏர்ஃபாயிலைச் சோதித்துப் பார்க்கலாம் என்றாகிவிட்டது.

எந்தக் காற்றுக்கு எந்த இறக்கை?

சரிவில் மோதும் காற்று மேலே திரும்புகிறது. கிளைடர் எப்போதும் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும், நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்று அதைவிட வேகமாக மேலே வந்தால் கிளைடர் ஏறும். அவ்வளவுதான் ரகசியம். ஆனால் காற்று தினமும் ஒரே மாதிரி வராதே!

கிளார்க் ஒய் என்பது 1922-ல் பிறந்த பழைய ஏர்ஃபாயில். அடிப்பக்கம் பெரும்பாலும் தட்டை, தடிமன் அகலத்தில் 11.7 சதவிகிதம். லிண்ட்பெர்க் அட்லான்டிக்கைத் தாண்டிய விமானத்தில் இருந்தது இதுதான். மேஜை மேல் தட்டையாக வைத்து ஒட்டலாம் என்பதால் முதல்முறை இறக்கை கட்டுபவர்களுக்கு வரம். மெதுவாகப் பறக்கும், தவறு செய்தால் மன்னிக்கும். ஆனால் பலமான எதிர்க்காற்றில் முன்னேற முடியாமல் அதே இடத்தில் நின்று தத்தளிக்கும்.

எஸ்டி 7037-ன் தடிமன் 9.2 சதவிகிதம், வளைவு சுமார் 3 சதவிகிதம். மிதமான காற்றில் நிதானமாகச் சுற்ற ஏற்றது. ஆர்ஜி 15 வேறு ரகம். தடிமன் 8.9, வளைவு 1.8-க்குள். வளைவு குறைவதால் வேகம் எடுக்கும், பலத்த காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் வேகத்தைக் குறைத்தால் சட்டென்று கைவிட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்பவர்கள் மார்ட்டின் ஹெப்பர்லே வடிவமைத்த எம்எச் 32 பக்கம் போவார்கள்.

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். பளபளக்கும் கார்பன் ஃபைபர் இறக்கையில் மயங்கி, ஆயிரக்கணக்கான யூரோ கொடுத்து, போட்டிக்காரர்களின் கிளைடரை முதலிலேயே வாங்கிவிடுவது. லைசென்ஸ் எடுத்த மறுநாளே ரேஸ் கார் வாங்குவதுபோல்தான் இது. முதல் கிளைடருக்குச் சில நூறு யூரோவுக்குள் கிடைக்கும் நுரைப்பொருள் கிளைடரே மேல். தரையில் மோதினால் பந்து மாதிரி எழும். உடைந்தாலும் பசை தடவி மறுபடி வீசலாம். பால்சா மரத்தில் கட்டும் சுகத்தை அதற்கு அடுத்ததாக வைத்துக்கொள்ளலாம்.

இறக்கையை விடக் கவனமாகப் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் சாமான்களை. மலிவான சர்வோ ஒன்று நடுவானில் சிக்கிக்கொண்டால் எம்எச் 32-ம் காப்பாற்றாது, எஸ்டி 7037-ம் காப்பாற்றாது. ரிசீவருக்கு நல்ல பேட்டரி, ஒவ்வொரு முறை வீசும் முன் ரேஞ்ச் சோதனை, எடை மையம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று விரலில் வைத்துத் தூக்கிப் பார்ப்பது... இந்த மூன்றிலும் கஞ்சத்தனம், சோம்பல் இரண்டும் கூடாது. காற்று பலமான நாள்களில் உள்ளே ஈயம் அல்லது பித்தளைத் துண்டுகளைப் போட்டு எடையைக் கூட்டுவார்கள். எடை கூடினால் வேகம் கூடும். வேரியோ என்ற கருவி, கிளைடர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை 'பீப்' ஒலியாகக் கீழே இருப்பவர் காதுக்கு அனுப்பும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்கள் வருவதற்கு முன் இன்னொரு தலைவலி இருந்தது. ஒரே சேனலில் இரண்டு பேர் ரிமோட்டை ஆன் செய்தால் பறந்துகொண்டிருக்கும் கிளைடர் விழும். அதனால் மாடல் களங்களில் ஒரு பலகை வைத்து, எந்தச் சேனல் யாரிடம் என்பதைத் துணி கிளிப் மாட்டிக் காட்டுவார்கள். கிளிப் மாட்ட மறந்த ஒருவரால் அடுத்தவரின் ஒரு வருட உழைப்பு போய்விடும். நட்புகள் முறிந்த கதைகளும் நிறைய!

போகிறவர்கள் கவனத்துக்கு

வாஸர்குப்பேயில் மாடல் பறக்கவிடக் கற்றுத் தரும் பள்ளி உண்டு. ஆனால் இது மாடல்களுக்கு மட்டுமான மலை இல்லை. ஆள் ஏறும் கிளைடர்கள், சின்ன விமானங்கள், பாராகிளைடர்கள் எல்லாமே இதே வானத்தில்தான். எங்கே, எந்த உயரம் வரை பறக்கவிடலாம் என்பதை அங்கே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ரிமோட்டைத் தொட வேண்டும். மனிதர் உட்கார்ந்திருக்கும் எதற்கும் மாடல் வழிவிட வேண்டும். ஜெர்மனியில் மாடல் விமானத்துக்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயம்.

பறக்கவிடாதவர்களுக்கும் பொழுது போகும். குழந்தைகளுக்குக் கோடையில் மலைச்சரிவுச் சறுக்கு வண்டி இருக்கிறது. 1923-ல் வைத்த வெண்கலக் கழுகுச் சின்னம் வரை நடந்துவிட்டு வரலாம். கோடையிலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி வந்து மலையை மூடிவிடும்.

பறக்கவிடுபவர்கள் பயப்படுவதும் அந்தப் பனிக்குத்தான். அதற்கு அடுத்த பயம் தரையிறக்கம். சரிவின் விளிம்பைத் தாண்டியதும் காற்று சுருண்டு விழும். அந்தச் சுழலில் சிக்கினால் கடைசிப் பத்து மீட்டரில் கிளைடர் கவிழ்ந்துவிடும். அதனால் வேகத்தை முழுதாகக் குறைக்காமல், விளிம்புக்குக் கொஞ்சம் பின்னால் புல்லில் உரசியபடி இறக்குவார்கள்.

காற்று திடீரென்று நின்றுவிட்டாலோ மேலே கொண்டுவரவே முடியாது. கீழே எங்கேயாவது மேய்ச்சல் நிலத்தில்தான் இறக்கியாக வேண்டும். ரிமோட்டை அணைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உரிமையாளர் சரிவில் நடக்க ஆரம்பிப்பார். இறங்கப் பத்து நிமிடம். கிளைடரைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வர அரை மணி நேரம். அதற்குள் காற்று திரும்ப வந்திருந்தால், மூச்சு வாங்கக்கூட நிற்காமல் மறுபடி விளிம்புக்குப் போவார்.