மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வடசென்னை டூர்

ஞாயிற்றுக்கிழமை என்றால் மகாபலிபுரம், வண்டலூர் என்று கிளம்புகிற ஆட்கள் நாம். போன மாதம் நான் பிடித்தது வேறு ரூட். ராயபுரத்தில் ஒரு வீட்டு பாத்ரூமில் கொட்டுகிற தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்பது என்று முடிவு. ஆபீஸில் சொன்னேன். "உனக்கு ஏன் இன்னும் பொண்ணு அமையலைன்னு இப்பதான்டா புரியுது!" என்றார் பக்கத்து சீட்காரர்.

ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து கிளம்பினேன். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம். எல்லோரும் அந்தத் தூண்களைப் போட்டோ எடுக்கிறார்கள். காலுக்குக் கீழே ஓடுகிற குழாயும் லேசுப்பட்டதல்ல, சார். 1910-ல் வெள்ளைக்காரன் போட்ட திட்டம். 1961-ல் மெட்ராஸில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் பண்ணினான். 1961-ல் எண்ணிப் பார்த்தால் 17 லட்சத்துக்கு மேல்! அப்புறம் எத்தனையோ குழாய்களை மாற்றினார்கள், சேர்த்தார்கள். நாமும் சும்மா இருக்கவில்லை. பெருகிக்கொண்டேதான் இருக்கிறோம்.

சென்னை தட்டையான ஊர். சாக்கடை தானாகச் சரிந்து கொஞ்ச தூரம்தான் ஓடும். அப்புறம் ஆழத்தில் தேங்கிவிடும். அதைத் தூக்கி விடுவதற்குத்தான் அங்கங்கே பம்ப்பிங் ஸ்டேஷன்கள். அப்படி ஒன்றின் வாசலில் ஒரு பெரியவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"தண்ணி வந்தா நாங்க தள்ளி உட்டுடுவோம் தம்பி. தண்ணியா வருது? துணி வருது, முடி வருது, பொம்பளைங்க சமாச்சாரம் வருது, கொட்டாங்குச்சி வருது. ஒரு தபா தலகாணியே வந்துச்சு!"

தலையணை எந்த வழியாக உள்ளே போயிருக்கும் என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை.

மழைக்காலம்தான் அவருக்குப் பெரிய சோதனையாம். மொட்டை மாடித் தண்ணீரைக் கொண்டுபோய் சாக்கடைக் குழாயில் சேர்த்துவிடுகிற புத்திசாலிகள் தெருவுக்கு நாலு பேர். அவ்வளவையும் குழாய் எப்படித் தாங்கும்? மேன்ஹோல் மூடி எகிறுகிறது. பள்ளத்தில் இருக்கிற வீட்டுக்குள் கக்கூஸ் வழியாகத் திரும்பி வருகிறது.

அடைத்துக்கொண்டால்? பெரியவரின் குரல் இறங்கியது. "முன்னெல்லாம் உள்ள எறங்கித்தான் எடுப்போம். இப்ப மிஷின் வந்துடுச்சு. ஆனா பிரைவேட்ல இன்னும் ஆளைத்தான் எறக்குறான்."

அந்தக் குழிக்குள் இருக்கிற வாயு ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பயங்கரம் என்னவென்றால், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். 'அப்பாடா, வாசனை போயிடுச்சு' என்று இறங்குகிறவன் திரும்பி வரமாட்டான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் வரமாட்டான். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் என்றது சுப்ரீம் கோர்ட், 2014-ல். 2023-ல் அதையே 30 லட்சமாக உயர்த்தியது. உயர்த்த வேண்டிய அவசியம் இருந்தது என்பதுதான் சங்கடமான செய்தி.

அடுத்த ஸ்டாப் கொடுங்கையூர். ஒரு பக்கம் குப்பை மலை, பக்கத்திலேயே சுத்திகரிப்பு நிலையம். தெற்கே இருக்கிறவர்கள் பீச் பார்க்கிறார்கள், வடக்கே இருக்கிறவர்கள் இதைப் பார்க்கிறார்கள். பங்கீடு நன்றாகத்தான் இருக்கிறது!

தெரிந்த இன்ஜினீயர் ஒருவர் புண்ணியத்தில் உள்ளே போனேன். கம்பிச் சல்லடை, மண் படியும் தொட்டி, எல்லாம் தாண்டினால் பெரிய பெரிய காற்றுத் தொட்டிகள். காப்பி நிறத்தில் நுரைத்துக்கொண்டிருக்கிறது. வேலை செய்வது மெஷின் இல்லை, சார், பாக்டீரியா! கோடிக்கணக்கில். அழுக்கைத் தின்பதுதான் அவற்றின் உத்தியோகம். சம்பளம், போனஸ், கேஷுவல் லீவ் எதுவும் கேட்காது. காற்று மட்டும் நிற்காமல் வேண்டும்.

ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் அந்தக் காப்பியைப் பிடித்து மேஜைமேல் வைத்தார் இன்ஜினீயர். "அரை மணி வெயிட் பண்ணுங்க." மெதுவாகச் சகதி கீழே இறங்க, மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. சகதி ஒழுங்காகப் படிந்தால் பாக்டீரியா சௌக்கியம். படியாமல் மிதந்தால் எங்கோ கோளாறு. இத்தனை பெரிய நிலையத்துக்கு ஒரு ஜாடிதான் நாடி பார்க்கிறது!

ஃப்ளாட்வாசிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அடுக்குமாடியின் அடியில் இதே சமாச்சாரம் சின்ன சைஸில் இருக்கலாம். கரண்ட் பில் மிச்சம் என்று ராத்திரியில் ப்ளோயரை நிறுத்தச் சொல்கிற செக்ரட்டரிகள் உண்டு. காற்றில்லாமல் பாக்டீரியா திணறிச் சாகும். காலையில் மூன்றாவது மாடிவரை நாறும். அடுத்த மீட்டிங்கில் வாட்ச்மேனைத் திட்டுவார்கள்.

தொட்டியில் மிஞ்சுகிற சகதியை மூடி வைத்துப் புளிக்கவிட்டால் மீத்தேன் வாயு. அதில் என்ஜின் ஓட்டி மின்சாரமும் எடுக்கிறார்கள்.

சரி, தெளிந்த தண்ணீர்? அதுதான் நான் எதிர்பார்க்காத விஷயம். மணலித் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. 1990-களின் தொடக்கத்திலேயே அங்குள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் இந்தத் தண்ணீரை வாங்கி, மேலும் வடிகட்டிப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டன. 2019-ல் கொடுங்கையூரிலேயே ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டரை ஆர்.ஓ. முறையில் சுத்தம் செய்யும் நிலையம் வந்தது. அதே 2019 கோடையில்தான் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நான்கும் வறண்டு, நாம் குடத்தோடு லாரி பின்னால் ஓடினோம். தொழிற்சாலை சாக்கடைத் தண்ணீரில் ஓடினால் அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் நமக்கு மிச்சம். நமீபியாவின் விண்ட்ஹூக் நகரத்தில் 1968 முதல் இப்படிச் சுத்தம் செய்ததைக் குடிக்கவே குடிக்கிறார்கள். நான் இன்னும் அந்த அளவுக்குத் துணியவில்லை.

கடைசியாக ஷேர் ஆட்டோவில் எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரம். சுத்தமானது போக, எந்தக் குழாயிலும் சேராமல் கால்வாய் வழியாக நேராக வருவதும் உண்டே, அது இந்தப் பக்கம்தான் வருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்ப் படலமும் வந்து, வலை, படகு எல்லாம் கறுத்துப்போனது. மீனவர்களே பக்கெட்டில் எண்ணெயை அள்ளினார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் ஒரு அம்மா கையாலேயே இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார். "வாங்கிக்க தம்பி, உயிரா கீது!" அரைக் கிலோ வாங்கினேன்.

வீட்டில் அம்மா, "எந்த ஊர் இறால்டா?" என்றார்.

"எண்ணூர்."

ஏற்கெனவே கழுவி வைத்திருந்ததை எடுத்து இன்னொரு தரம் கழுவினார்.