திருக்கருகாவூர் விளக்கெண்ணெய்

தஞ்சை மாவட்டத்தில், பாபநாசத்திலிருந்து சுமார் 6 கி.மீ. தூரத்தில், வெட்டாற்றங்கரையில் இருக்கிறது திருக்கருகாவூர். இங்கே கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் பிள்ளை வரத்துக்கு நெய்யும், சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெயும் பூஜை செய்து தருகிறார்கள். நிறைமாதமாக இருக்கும் என் மகளுக்காக நானும் வாங்கி வந்தேன்.

வரிசையில் நின்ற ஒரு பாட்டி, "நாள் தள்ளிப் போனா ரெண்டு கரண்டி குடிக்கக் கொடும்மா, வலி தானா வரும்" என்றார்.

வேண்டாம், சகோதரிகளே! இந்தப் பிரசாதம் வயிற்றின் மேல் இதமாகத் தடவத்தான். குடித்தால் பேதியாகும், உடம்பில் நீர் வற்றித் தாய் துவண்டு போவாள். வலி வரும் என்பதும் நிச்சயமில்லை.

டாக்டர் தடுக்காவிட்டால் காலாற நடக்கலாம், உடம்புக்கு நல்லது. குறித்த தேதி தாண்டினால் டாக்டரைக் கேளுங்கள். நீர்க்குடம் உடைந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அம்பாள் துணையிருப்பாள்.