நான்காவது கோப்பையின் வெண்ணெய் வாசனை

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டைத் தாண்டிய ஒரு சிறிய பீர் ஆலையில், அங்கேயே காய்ச்சிய ஏல் வகைகளைச் சுவைத்து மதிப்பிட உட்கார்ந்திருந்தோம். காபி குடித்துவிட்டு வரக்கூடாது, சென்ட் பூசக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றுகிறார்கள். கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடி ஒரு சுழற்று சுழற்றி, கையை எடுத்ததும் மூக்கை வைக்க வேண்டும். மணம் சீக்கிரம் பறந்துவிடும் என்பதால் மூக்குக்குத்தான் முதல் வேலை. நிறம், நுரை, நாக்கு எல்லாம் அப்புறம். ஒயினைப் போல இதைத் துப்புவதில்லை. விழுங்கிய பிறகு கசப்பு தொண்டையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் தீர்ப்பில் சேர்த்தி.

அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பீர் நடுவர்களுக்கான சான்றிதழ்த் திட்டத்தின் மதிப்பெண் தாளைத்தான் இங்கும் வைத்திருந்தார்கள். மொத்தம் 50. சுவைக்கு 20, மணத்துக்கு 12, ஒட்டுமொத்த அனுபவத்துக்கு 10, வாயில் உணரும் கனத்துக்கு 5. தோற்றத்துக்கு வெறும் 3. இந்தப் பங்கீடு எனக்கு நியாயமாகவே படுகிறது.

நான்காவது கோப்பை ஒரு பேல் ஏல். நிறமும் நுரையும் அருமை. ஆனால் ஹாப்ஸ் பூவின் எலுமிச்சை மணத்துக்கு அடியில் உருகிய வெண்ணெய் வாசனை இருந்தது. பக்கத்தில் இருந்தவரும் தாளில் அதையே எழுதியிருந்தார். டைஅசிட்டைல். ஈஸ்ட் தன் வேலையின் நடுவே உண்டாக்கி, கடைசியில் தானே தின்று தீர்த்துவிடும் பொருள் அது. தின்று முடிக்கும் முன் தொட்டியைக் குளிரவிட்டால் பீரிலேயே தங்கிவிடும். சரியாகக் கழுவாத குழாயில் பாக்டீரியா சேர்ந்தாலும் இதே வாசனைதான் வரும். அதனால் வாசனையைக் கண்டுபிடித்தால் போதாது, அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும்.

தலைமை பிரூவர் மைசூர்க்காரப் பெண். அவர் எங்களைக் கீழே, தொட்டிகள் இருக்கும் செல்லருக்குக் கூட்டிப்போனார்.

பெங்களூருக்கும் பீருக்கும் பழைய உறவு உண்டு. தாமஸ் லெய்ஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஐந்து ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரிஸைத் தொடங்கியது 1915இல். பழைய ஆலை இருந்த இடத்தில்தான் இன்று யுபி சிட்டி நிற்கிறது. 2010ஐ ஒட்டி, காய்ச்சுகிற இடத்திலேயே விற்கும் சிறு ஆலைகள் வந்தன: தி பியர் கிளப், டாய்ட், ஆர்பர், விண்ட்மில்ஸ். டாய்ட்டில் பாஸ்மதி அரிசி போட்டே ஒரு பீர் காய்ச்சினார்கள். டாஸ்மாக் கடையின் பாட்டில் லேகருக்குப் பழகிய தமிழ் நாக்குக்கு இந்த ஊரின் கோப்பை வேறு உலகம்.

செல்லரில் ஈரமும் வெக்கையும். 65 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறிச் சாறு இறங்கிய மால்ட் சக்கையை ஒருவர் வாரித் தள்ளிக்கொண்டிருந்தார். அது மாட்டுத் தீவனமாகப் போகும். 25 கிலோ மூட்டைகளைத் தோளில் ஏற்றுவது, சூடான காஸ்டிக் சோடாவால் தொட்டி கழுவுவது, பிறகு அமிலம், பிறகு கிருமிநாசினி என்று பொழுது போகிறது. நொதித்த தொட்டிக்குள் கரியமில வாயு தேங்கி நிற்கும். சோதிக்காமல் தலையை உள்ளே விட்டால் உயிரே போகலாம். நல்ல பீரில் பெரும்பங்கு கழுவும் வேலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மெனு அட்டையில் ஹாப்ஸின் பெயர் இருக்கிறது, கழுவியவர் பெயர் இல்லை.

தண்ணீரும் இங்கே செய்யப்படுகிற பொருள்தான். காவிரித் தண்ணீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் ஏறி வருகிறது, அது போதாதபோது போர்வெல். இந்த ஆலையில் எல்லாவற்றையும் ஆர்ஓவில் வடிகட்டி, உப்பு நீங்கிய தண்ணீரில் ஜிப்சமும் கால்சியம் குளோரைடும் அளந்து போடுகிறார்கள். சல்ஃபேட் கூடினால் கசப்பு கூர்மையாகும், குளோரைடு கூடினால் மால்ட்டின் இனிப்பு திரளும்.

செல்லர் ஆளாக இருப்பவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், பல வருஷமாக இங்கேயே வேலை. அந்தப் பேல் ஏல் இருந்த தொட்டியைச் சோதிக்க, பிரூவர் அவரிடம், “அண்ணா, மூணாம் டேங்க்லேர்ந்து கொஞ்சம் எடுங்க” என்றார். இரண்டு கோப்பை வந்தது. ஒன்றை மூடி 60 டிகிரி வெந்நீரில் அரைமணி வைத்து ஆறவிட்டார்கள். ஒளிந்திருக்கும் மூலப்பொருள் சூட்டில் டைஅசிட்டைலாக மாறி வாசனை காட்டிவிடும். சூடாக்காத கோப்பையிலேயே வெண்ணெய் லேசாகத் தெரிந்தது, சூடாக்கியதில் பளிச்சென்று. ஆகவே குழாய்மீது பழியில்லை.

செல்லர் ஆளும் மோந்து பார்த்தார். “குழாய் நேத்துதான் கழுவினேன் மேடம். டேங்கைத்தான் ரெண்டு நாள் முன்னாடியே கூல் பண்ணிட்டாங்க. வெள்ளிக்கிழமைக்கு வேணும்னாங்க, சார்” என்று கடைசி வாக்கியத்தை என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

ஏல் ஈஸ்ட் 20 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பில் வேலை செய்யும், இரண்டு வாரத்தில் பீர் தயார். லேகருக்கு ஒரு மாதமாவது வேண்டும். தொட்டிகள் குறைவான சிறு ஆலை ஏலை நம்பியிருப்பது அதனால்தான். அந்த வேகத்தையும் வாரக்கடைசிக் கூட்டம் மிஞ்சும்போது ஈஸ்டுக்குச் சேர வேண்டிய இரண்டு நாள் பறிபோகிறது. மேலே மேசையில் நாங்கள் 26 மதிப்பெண் போட்டது ஒரு விற்பனை முடிவுக்கு. கீழே இருப்பவர் அதைக் காரணத்தோடு அறிந்திருந்தார், ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இனி சூட்டுச் சோதனையில் வாசனை இல்லையென்று செல்லர் ஆள் கையெழுத்திட்ட பிறகே தொட்டியைக் குளிர்விப்பது என்று பிரூவர் அங்கேயே பதிவேட்டில் எழுதினார். அடுத்த அமர்வில் செல்லரிலிருந்து இருவரை மேசையில் உட்காரவைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். ஷிஃப்ட் நேரத்தை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார்.