பொறுமையோடு ஓடுதல்



எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 12-ஆம் அதிகாரம் விசுவாச வாழ்வை ஓர் ஓட்டத்துக்கு ஒப்பிடுகிறது. ஆனால் அந்த ஓட்டத்துக்கு வேண்டியது என்று ஆசிரியர் கூறுவது வேகத்தை அன்று, பொறுமையை. இது பல ஆண்டுகள் எனக்குப் புதிராகவே இருந்தது. பொறுமையுள்ளவன் ஏன் ஓட வேண்டும்? ஓடுகிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

மருத்துவர் சொற்படி, அதிகாலையில் செவிலிமேட்டுப் பாலாற்றுப் பாலம் வரை ஓடிவருவது என் வழக்கம் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். அது சமதரை. சமதரையில் ஓட்டம் என்றால் வேகம்தான். நேற்றையினும் இன்று எத்தனை நிமிடம் குறைந்தது என்று கடிகாரமே சொல்லிவிடும். சென்ற ஆண்டு போதகர்களின் தியானக் கூடுகைக்காகக் கொடைக்கானல் சென்றிருந்தபோது, மலைப்பாதை ஓட்டத்தில் பழகிய ஒரு தம்பியோடு மலையின் தெற்கு விளிம்பில் ஓடினேன். அங்கேதான் நிருபத்தின் அந்தச் சொல்லுக்குப் பொருள் விளங்கிற்று.

பழனி மலை ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டுநிலமாகப் பரந்து, தெற்கே சட்டென்று முடிந்துவிடுகிறது. விளிம்புக்கு அப்பால் செங்குத்தான சரிவு. வெகு கீழே பெரியகுளத்துச் சமவெளி. 1872-இல் கோக்கர் என்னும் ஆங்கிலேய அதிகாரி அமைத்த நடைபாதை இந்த விளிம்பை ஒட்டியே செல்கிறது. சற்றுத் தொலைவில் வட்டக்கானல். அங்கிருந்து டால்பின் மூக்குப் பாறையைக் கடந்து, வெள்ளகவி கிராமத்தின் வழியாகக் கும்பக்கரை வரை ஓர் ஒற்றையடிப்பாதை இறங்குகிறது. ஒன்றரை ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கம் அது.

அழகைச் சொல்லி முடியாது. மூடுபனி விலகும் நேரத்தில் சோலையும் புல்வெளியும் பாறையும் ஒரே பார்வையில் அகப்படும். இம்மலைப் புல்வெளிகளின் பெரும்பகுதி சீகை, பைன், தைல மரங்களுக்கு இடம் கொடுத்துவிட்டது. எஞ்சிய இடங்களில் குறிஞ்சி இன்னும் வாழ்கிறது. 2006-இல் பூத்தது, பின்பு 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்க வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் அது வெறும் புதர்தான். ஆயினும் உயிரோடிருக்கிறது.

ஓடத் தொடங்கியதும் அந்தத் தம்பி சொன்ன முதல் பாடம்: "ஐயா, காட்சியைப் பார்க்க வேண்டுமானால் நின்று பாருங்கள். ஓடும்போது அடுத்த அடியை மட்டும் பாருங்கள்." இரண்டாவது பாடம் என்னை வியக்கச் செய்தது. சமமான இடத்தில் ஓட வேண்டும். ஏற்றத்தில் நடக்க வேண்டும். வழுக்குப் பாறையில் உட்கார்ந்து இறங்கினாலும் குற்றமில்லை. மலைப்பாதையில் ஓடிப் பழகியவர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறார்களாம். நடப்பதும் ஓட்டத்தின் ஒரு பகுதியே. வெள்ளகவியை அடைந்தபோது ஓட்டம் முற்றிலும் நின்றது. கோயில்கள் நிறைந்த அவ்வூருக்குள் மக்கள் காலணி அணிவதில்லை. நாங்களும் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு மெல்ல நடந்து ஊரைக் கடந்தோம்.

இந்தச் சரிவுக்கு வேறொரு வரலாறும் உண்டு. காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பும்படி, அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-இல் கொடைக்கானலில் சன்னிசைட், ஷெல்டன் என்னும் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 1910-களில் மோட்டார் சாலை அமையும்வரை, இச்சரிவில் ஏறிய பாதைகளே அவர்களுக்கு வழி. நடந்தவர் சிலர், குதிரையில் ஏறியவர் சிலர், நோயாளிகளையும் பிள்ளைகளையும் கூலியாட்கள் நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்தார்கள். வீடுகளின் பெயர்கள் நிலைத்தன. சுமந்தவர்களின் பெயர்களை வரலாறு போற்றவில்லை.

நிருபத்தில் பொறுமை என்று மொழிபெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல் 'ஹுப்பொமொனே'. பாரத்தின் கீழே நிலைத்திருத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். அந்தச் சுமப்போரே அச்சொல்லுக்கு நல்ல விளக்கம். அவர்கள் விரைந்திருக்க முடியாது. ஆனால் பாரத்தை விட்டு ஓடிப்போகவும் இல்லை.

இதை ஏன் இந்த வாரம் எழுதுகிறேன்? நம் சபைச் சகோதரி ஒருவர் கணவரை இழந்து ஓராண்டு நிறைந்தது. தறி ஓய்ந்துவிட்டது. தார் சுற்றிக் கிடைக்கும் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். சென்ற வாரம் அவர் என்னிடம், "மற்றவர்கள் எல்லாம் ஓடுகிறார்கள், ஐயா. என்னால் நடக்கத்தான் முடிகிறது. ஜெபத்தில்கூட இரண்டு வார்த்தைக்கு மேல் வருவதில்லை. நான் பின்வாங்கிப் போனேனோ?" என்று கேட்டார்.

அம்மா, நீங்கள் பின்வாங்கிப் போகவில்லை. ஏற்றத்தில் இருக்கிறீர்கள். ஏசாயா 40-ஆம் அதிகாரத்தின் முடிவை வாசித்துப் பாருங்கள். கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களைக் குறித்துப் பேசும் தீர்க்கதரிசி, முதலில் பறத்தலைச் சொல்கிறார். அடுத்து ஓட்டத்தைச் சொல்கிறார். கடைசியாகவே நடத்தலைச் சொல்கிறார். நாம் எழுதியிருந்தால் நடையில் தொடங்கிச் சிறகில் முடித்திருப்போம். தீர்க்கதரிசியோ சோர்ந்துபோகாத நடையைக் கடைசியில் வைத்தார். பறக்கவும் ஓடவும் முடியாத நாளிலும் தேவன் தரும் பெலன் அதுவே. இரண்டு வார்த்தை ஜெபமும் அவர் சமுகத்தில் ஜெபமே.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. கோர்வைச் சேலை நெய்வது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரை ஓடுவதற்கு மறுபக்கத்தில் ஒருவர் அமர்ந்து நாடா வீச வேண்டும்; நெய்பவர் எவ்வளவு தேர்ந்தவராயினும் தனியே முடியாது. நம்மிடையே ஏற்றத்தில் நடப்பவர்களைக் கண்டு, "இன்னும் ஏன் இப்படி?" என்று கேளாதிருப்போம். சமதரையில் இருப்பவர்கள் திரும்பி வந்து, அவர்கள் நடைக்குத் தங்கள் நடையை ஒத்துக்கொள்ளட்டும். தேவையான இடத்தில் தோளும் கொடுக்கட்டும்.

அன்பின் பரம பிதாவே, இவ்வாரம் ஏற்றத்தில் இருக்கிற உம்முடைய பிள்ளைகளுக்கு அடுத்த அடியைக் காட்டியருளும். ஓடுகிறவர்களுக்குக் காத்திருக்கும் இருதயத்தையும், நடக்கிறவர்களுக்குச் சோர்ந்துபோகாத கால்களையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.